சேலத்து வெயிலில் காய்ந்த துணி

போன வாரம் எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் மாட்டினோம். இதிலென்ன அதிசயம், ஊர் உலகத்தில் எல்லாரும் மாட்டுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நான் ஏற்காட்டுக்குக் குடித்தனம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார், "இங்க எதுக்குங்க ஃபேனு? போர்வை மாட்ட ஆணி வேணா அடிச்சுத் தர்றேன்" என்று சிரித்துவிட்டுக் கூரையில் கொக்கியே வைக்காமல் போய்விட்டார். இப்போது சித்திரை மத்தியானத்தில் உட்கார முடியவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து கூரையைத் துளைத்து, மாட்டி, சுற்றவிட்டுக் காட்டினார். நாற்காலியில் கிடந்த ஈரத்துண்டு கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோனது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. வெயில் வாசனை இல்லாமல் காய்ந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நான் குகையில் பிறந்து வளர்ந்தவள். சேலத்துக் குகையைச் சொல்கிறேன். பெயரைக் கேட்டதும் ஏதோ இருட்டுப் பொந்தில் வாழ்ந்தவள் என்று வெளியூர்க்காரர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அது தறிச் சத்தம் ஓயாத தெரு. அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கமே வரும். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். வீடு சின்னது, மொட்டை மாடி பெரியது. பங்குனி தொடங்கியதும் சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் ஊற்றி மாடியைக் குளிரவைத்துப் பாய் விரிப்போம். குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் அடிதடி நடக்கும் ஊரில் நாலு குடம் என்பது பெரிய ஊதாரித்தனம். அம்மா அதை மட்டும் ஒரு நாளும் குறைத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம், எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வாழவந்தி ரோட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பெண் பார்க்க வந்த அன்றே நான் வாய் விட்டுக் கேட்டேன், "அங்க குளுருமாமே?" என்று. அந்த மனுஷன் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒரு வருசம் இருந்து பாருங்க. அடுத்த ஆனிக்கும் புடிக்கலைன்னா நான் வேலைய உட்டுட்டு உங்க ஊருக்கே வந்தர்றேன்" என்றார். சேலத்தில் என் மாமாவுக்கு இரும்புக்கடை இருந்தது. வந்தால் அங்கே வேலை என்றும் பேச்சாகிவிட்டது. அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெம்பு. ஒரு வருஷம், அப்புறம் பெண் திரும்பி வந்துவிடுவாள். வந்துவிட்டால் அம்மா தனியாக இருக்க வேண்டியதில்லை.

என்னைக் கொண்டுவந்து விட வந்தபோது அம்மாவுக்கு ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே குமட்டிவிட்டது. இருபது வளைவும் முடிந்து இறங்கியவள், "இந்த மலைக்கும் எனக்கும் ஒத்து வராது. நீதான் கீழ வரோணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வந்த மறுமாதமே ஆடி. அடேயப்பா, அந்த மூடுபனி! கதவைத் திறந்தால் விருந்தாளி போல உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு கசிந்தது. தீக்குச்சி பற்றவில்லை. தேங்காய் எண்ணெயைக் கத்தியால் சுரண்டினேன். துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தும், நாலாம் நாள் தொட்டால் துவைத்த அன்றைவிட ஈரமாக இருந்தது. அதில் ஒரு நாற்றம் வேறு. நான் ஒரு பாட்டம் அழுதேன்.

"எங்கூர்ல காலைல போட்டா பத்து மணிக்கு எடுத்துக் கட்டிக்கலாம்" என்பேன்.

"கட்டிக்கிட்டு என்ன பண்றது, பத்தரைக்கு வேர்த்து மறுபடி நனைஞ்சு போகுமே" என்பார் இவர்.

"ராத்திரி மாடில காத்தாடப் படுப்போமாக்கும்."

"இங்க பகல்லயே போத்திட்டுப் படுக்கலாமாக்கும்."

இப்படியே போகும். சண்டை போட விஷயம் இல்லாத புதுப் பெண்டாட்டி புருஷனுக்கு இரண்டு ஊரின் சீதோஷ்ணம் போதாதா?

துணி காயாத கதையை அம்மாவுக்கு எழுதினேன். மூட்டை கட்டி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லிப் பதில் வந்தது. கீழே சொந்தம் இருக்கிற ஏற்காட்டுக்காரர்கள் பலர் அப்போது மழைக்காலத்தில் செய்த வேலைதான் இது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பஸ் எங்கள் வளைவில் வந்து இரண்டு முறை ஹாரன் அடிக்கும். கண்டக்டர் பழனியப்பன் கையில் ஈரமூட்டையைக் கொடுப்பேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் அம்மா வாங்கிக்கொள்வாள். மாடியில் உதறிப் போட்டு, காய்ந்ததும் சூட்டோடு மடித்துப் பழைய போர்வையில் இறுக்கிக் கட்டி, அதே பழனியப்பனிடம் நாலு மணி டிரிப்பில் ஏற்றிவிடுவாள். இங்கே வந்து சேர்ந்த பிறகும் மூட்டையின் நடுவில் கை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். நான் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு நிற்பேன். சுட்ட சிமெண்டு, நீலம், தெருப்புழுதி எல்லாம் கலந்த ஒரு வாசனை. எனக்கு அதுதான் சேலம்.

ருசி கண்ட பூனையாகி, ஐப்பசியில் ஒரு காரியம் செய்தேன். இரண்டு நாளாகியும் இட்லி மாவு பொங்கவில்லை. தூக்குப் போசியில் ஊற்றி மூடி, துணி மூட்டைக்குள் வைத்து அனுப்பிவிட்டேன். சேலத்து வெயிலில் அது ஜோராகப் பொங்கியிருக்கிறது. அம்மாவும் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு வளைவிலும் குலுங்கிக் குலுங்கி மாவு இன்னும் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பழனியப்பன் மூட்டையை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார்.

"அக்கா, துணி நொம்ப நல்லா புளிச்சிருக்குதுங்க."

இவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அன்றைக்கு இட்லியாகிவிட்டன. எஸ்டேட்டில் ஒரு மாதம் சிரித்தார்கள்.

மார்கழிக் குளிரில் விரல் மடங்காது. காப்பிப்பழம் பறிக்கிற சமயம் என்பதால் இவரை வீட்டில் பார்ப்பதே அரிது. நான் நாள்காட்டியில் ஆனிக்கு எத்தனை மாதம் என்று எண்ணுவேன். தையில் பனி விலகியது. மாசியில் நல்ல வெயில். துணி இங்கேயே காய ஆரம்பித்துவிட்டதை நான் கவனிக்கக்கூட இல்லை. பழக்க தோஷத்தில் செவ்வாய்க்கிழமை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு மழை பெய்தது. எஸ்டேட்டே காத்திருந்த மழை. பூ மழை என்பார்கள். அது பெய்தால்தான் காப்பி பூக்கும். இவர் முற்றத்தில் நின்று குழந்தை மாதிரி நனைந்தார். எட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன், சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகையும் இல்லை, முல்லையும் இல்லை, அப்படி ஒரு வாசனை. நான் வாயைப் பிளந்துகொண்டு செடிகளுக்கு நடுவே நடந்தேன். வந்து துணி துவைத்து முற்றத்துக் கொடியில் போட்டேன். எங்கோ ஹாரன் கேட்டது. அது காதில் விழுந்ததே ஒழிய மனசில் விழவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

மத்தியானம் அம்மா வந்து நிற்கிறாள். கையில் நசுங்கிய எலுமிச்சம்பழம், முகமெல்லாம் வெளிறிப்போய்.

"என்னாச்சு சாமி? ஒடம்புக்கு முடியலையா? மாப்ள ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ எப்பிடி மலையேறுனே?"

"மூட்டை வரலையே! கண்டக்டரக் கேட்டா ஆரும் நிக்கலீங்கன்னுட்டாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. அடுத்த பஸ்ல ஏறிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துணி இங்கயே காஞ்சுருச்சும்மா. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

அம்மா கொடியிலிருந்த துண்டை உருவி முகத்தில் வைத்துப் பார்த்தாள். துண்டெல்லாம் காப்பிப்பூ வாசனை.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப நீ கீழ வரமாட்டே, கண்ணு."

"அதெல்லாம் இல்லம்மா. ஆனிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குது."

"எனக்குத் தெரியாதா?"

எனக்கே அதுவரை தெரியாது. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீயும் இங்கேயே வந்துவிடு என்று கெஞ்சினேன். "உங்கூர்ல வேர்க்கவே மாட்டேங்குது. வேர்க்காம மனுசன் எப்பிடி இருக்கறது?" என்று தட்டிக் கழித்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"ஈரத்துணி எதாச்சும் இருந்தா குடு கண்ணு. வெறுங்கையோட எறங்க ஒரு மாதிரியா இருக்குது."

எல்லாம்தான் காய்ந்துவிட்டதே. பழனியப்பனை நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மடித்து வைத்திருந்த புடவையை வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆனி வந்தது. "வருசம் முடிஞ்சுதே, என்ன பண்றது?" என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாவு அரைக்கோணும், ஆட்டுக்கல்லக் கழுவி வைங்க" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கப்புறம் பன்னிரண்டு பதிமூன்று வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல் மூட்டை போனது. மழைக்காலத்தில் நிஜ ஈரம். வெயில் காலத்தில் காய்ந்த துணியை நனைத்து அனுப்புவேன். சேலத்துக்குப் போயிருக்கும்போது ஒரு தடவை அம்மா கேட்டாள், "ஏங்கண்ணு, சித்திரைலகூட உங்கூர்ல துணி காயாதா?"

"எங்கம்மா காயுது, ஒரே பனி."

"ஆமாமா, மலையில்ல" என்றாள். முகத்தில் சிரிப்பைக் காட்டவே இல்லை கள்ளி.

ஒரு சித்திரை, செவ்வாய்க்கிழமை, நாலு மணி டிரிப்பில் மூட்டை திரும்பி வரவில்லை. "காலைல வாங்கிட்டுப் போனாங்க அக்கா, சாயந்திரம் அம்மாவக் காணோமுங்க" என்றார் பழனியப்பன். வெயிலில் அசந்து தூங்கியிருப்பாள், விடிந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்குக் கீழே போக இன்னும் ஒரு பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. விடிந்து போனபோது வாசலில் கூட்டம் நின்றது. மத்தியானமே முடியாமல் படுத்தவள், ராத்திரி தூக்கத்திலேயே போயிருக்கிறாள்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நான் வேண்டுமென்றே நனைத்து அனுப்பிய புடவையும் இவருடைய இரண்டு சட்டைகளும் கொடியில் விறைத்துக் காய்ந்து கிடந்தன. ஒரே ஒரு மூட்டை வரவில்லை என்று, அந்த மலையே ஆகாதவள் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். நான் விடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

குகையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டிடம். தறிச் சத்தம் அந்தத் தெருவில் இல்லை. பழனியப்பன் ஓய்வு பெற்று எந்த ஊரில் இருக்கிறாரோ. இங்கே பூ மழையும் நினைத்தால் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை. சேலத்து வெயில் இருபது வளைவும் ஏறி வந்துவிட்டது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, இவர் அதன் கீழே பாய் போட்டுத் தூங்குகிறார். காலையில் எட்டு மணி பஸ் போகும் சத்தம் கேட்டால் என் கை இன்றைக்கும் வாளியிலிருக்கும் ஈரத்துணிக்குப் போகிறது. அந்த பஸ் எங்கள் வளைவில் இப்போது நிற்பதில்லை.