நூற்று முப்பது வோல்ட்

கல்யாணம் பண்ணிக்கொண்டு நார்வேயின் அந்தக் கடலோரத்து ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது, டோர்க்னிக்கு இன்னும் ஊரில் ஒரு பெயர் கிடைக்கவில்லை. கடையில், படகில், சர்ச் வாசலில், எங்கே போனாலும் "ஸ்வீடன்காரன்"தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், கொட்டும் பனியிலும் தாமதமாக வராதவன். ஆனால் பஸ்ஸில் ஏறுகிற பொடிசுகள்கூட "ஸ்வீடன்காரன் வந்துட்டான்" என்றுதான் கத்தும்!

அப்படிப்பட்டவனிடம் மே பதினேழாம் தேதிக்கு வாஃபிள் சுடும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தேசிய நாள்! ஒரு காலத்தில் ஸ்வீடன் ராஜாவின் கீழ் இருந்ததை இன்னும் மறக்காத ஜனங்களின் நாள். குழந்தைகள் கொடி பிடித்து ஊர்வலம் வந்து பள்ளியில் நுழையும்போது வாஃபிள் சுடச்சுட இருக்க வேண்டும். விழாக்குழுத் தலைவி போர்க்ஹில்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "ஸ்வீடன்காரன் கெடுத்துட்டான்னு ஊர் பேசற மாதிரி வெச்சுடாதே, ஆமா."

காலையில் வாளி வாளியாக மாவு கரைத்து, சமையலறையில் இரண்டு வாஃபிள் மெஷின்களை ஒரே பிளக் பாயிண்டில் செருகினான். விளக்கு மங்கியது. மாவு வெளிறிப்போய், அச்சில் பசையாக ஒட்டிக்கொண்டு, வேகவே மாட்டேன் என்றது.

"என்ன இது, கஞ்சியா காய்ச்சறே?" என்றாள் அவன் மனைவி குட்ருன். விழா உடுப்பும் வெள்ளிப் புரூச்சும் போட்டு, அதன்மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள்.

டோர்க்னி மெஷின்களைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தான். ஒரு முனையைப் பிளக் ஓட்டையில் விட்டு, இன்னொன்றை எர்த்தில் வைத்தான். ஸ்வீடனில் கற்றுக்கொண்ட முறை. நூற்று முப்பது! இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில்! செருப்புகூடப் போடாமல், கோட்டும் டையுமாக வெளியே ஓடினான்.

"ஒட்லெய்வ்! உங்க ஊருக்கு லோ வோல்டேஜ்டா! பாதிக் கரண்ட்தான் வருது!"

அடுத்த வீட்டு ஒட்லெய்வ், படகுத்துறையில் வேலை பார்ப்பவன், அப்போது கம்பத்தில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தான். சிரித்த சிரிப்பில் கயிறு கையை விட்டுப் போய், கொடி பாதிக் கம்பத்தில் வந்து நின்றது. தேசிய நாளில் துக்கக் கொடி! பதறிப்போய் மறுபடி ஏற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"ஸ்வீடன் மூளை! உங்க நாட்டுல பிளக்ல ஒரு கம்பி செத்த கம்பி. இந்தப் பக்கத்து வீடுங்கள்ல ரெண்டுமே உசுரோட இருக்கு. எர்த்தோட சேர்த்து அளந்தா நூத்தி முப்பதுதான்டா காட்டும்! ரெண்டு ஓட்டையிலயும் வெச்சு அளந்து பாரு."

உள்ளே வந்து அளந்தார்கள். இருநூற்று முப்பத்தொன்று. டோர்க்னிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. ஒட்லெய்வ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிச்சது போதும்," என்றாள் குட்ருன். "அப்போ மாவு ஏன் வேகலை? அதைச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. அட, ஆமாம்! டோர்க்னி மெஷின்களை மறுபடி செருகி, அவை ஓடும்போதே பக்கத்து ஓட்டைகளில் அளந்தான். நூற்றெண்பது, நூற்றெழுபது. இறங்கிக்கொண்டே போனது. மெஷின்களைப் பிடுங்கியதும் பழையபடி ஏறிக்கொண்டது. படுக்கையறை பிளக்கில் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

"சமையலறைக்கு வர்ற வழியில எங்கேயோ லூஸா இருக்கு," என்றான் ஒட்லெய்வ். "போற கரண்டை அங்கேயே தின்னுட்டிருக்கு."

"தின்னா அந்த இடம் சூடாகணுமே. எங்க சூடாகுது?" என்று கேட்ட டோர்க்னிக்கு மூக்கில் ஏதோ உறைத்தது. "குட்ருன், நடையில என்ன வாசனை?"

"மீன் நாத்தம்தான். ஒரு வாரமா அடிக்குது. இவன் பூட்ஸோட உள்ள வர்றான்னு திட்டிட்டிருக்கேன்."

"நானா?" என்றான் ஒட்லெய்வ். "நான் மீனையே தொடலையே! முதுகு வலின்னு படகுல போய் நாளாச்சு."

மீன் பிடிக்கிற ஊரில் மீன் வாசனையை யார் சட்டை செய்வார்கள்? டோர்க்னிக்குச் சட்டென்று பஸ் டிப்போ ஞாபகம் வந்தது. அங்கே ஒருமுறை ஸ்விட்ச் ஒன்று கருகியபோது இதே நாற்றம்தான்!

நடைக்குப் பாய்ந்தான். ஃபியூஸ் பெட்டிக் கதவில் கை வைத்ததும் சுரீரென்றது. மெயின் சுவிட்சை அணைத்தான். ஆறவிட்டு, கையுறை போட்டு, சமையலறை ஃபியூஸைத் தொட்டான். திருகி இறுக்கியிருக்க வேண்டியது ஆடிக்கொண்டிருந்தது. கழற்றினால் அடிப்பக்கம் கரி. பின்னால் இருந்த மரப்பலகையும் பழுப்பேறிக் கிடந்தது.

அந்தப் பலகைக்கு மறுபுறம் மகள் சுன்னிவாவின் கட்டில்.

குட்ருன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கற வரைக்கும் மெயினை யாரும் தொடக்கூடாது," என்றான் டோர்க்னி. அப்புறம்தான் நினைவு வந்தது. "ஐயோ, மாவு!"

"எடுடா வாளியை!" என்று கத்தினான் ஒட்லெய்வ்.

தெருவே திமிலோகப்பட்டது! ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு ஒரு மெஷின், ஜன்னலுக்கு ஜன்னல் ஆவி. தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்கக் கேட்க இன்னும் வேகமாகச் சுட்டார்கள். ஊர்வலம் பள்ளிக்குள் நுழையவும் வாஃபிள் அடுக்குகள் பழுப்புச் சீஸோடு மேஜைக்கு வரவும் சரியாக இருந்தது. கொடியை ஆட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்த சுன்னிவாவைத் தூக்கிய டோர்க்னி, இறக்கிவிட மனசில்லாமல் நின்றான்.

"அப்பா, எல்லாரும் பார்க்கறாங்க, விடுப்பா!"

போர்க்ஹில்ட் ஒரு வாஃபிளைக் கடித்துப் பார்த்தாள். "பிரமாதமா இருக்கே! யாரு சுட்டது?"

"நம்ம நூத்தி முப்பதுதான்!" என்றான் ஒட்லெய்வ். பிறகு கொடி இறங்கிய கதையிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னான். பள்ளி மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பலகைக் கதைக்கு வந்தபோது மட்டும் அமைதியானது. அன்று மாலை அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஃபியூஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் காலை பஸ் கதவு திறந்ததும் பொடிசுகள் முண்டியடித்து ஏறின.

"குட் மார்னிங், நூத்தி முப்பது!"

ஸ்வீடன்காரன் என்று ஒரு குரலும் இல்லை. டோர்க்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.