பலாமரத்தில் அடிக்கும் போன்

பலாமரத்தில் மணி அடித்தால் காளியண்ணன் ஓடிப்போய் எடுப்பதில்லை. ஏணியிலிருந்து நிதானமாக இறங்குவார். மிளகு பறித்த கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். மரத்தடியில் இருக்கும் மண்மேட்டைப் பார்த்து, "நீ இரு, நான் எடுக்கறேன்" என்பார். அதற்குப் பிறகுதான் கிளைக்கவட்டில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் திறப்பார். மண்மேட்டுக்குள் இருப்பவர் அவர் மனைவி பொன்னம்மாள். அடிப்பதும் பொன்னம்மாளின் எண்தான்.

போனை டப்பாவிலிருந்து வெளியே எடுத்தால் சிக்னல் அறுந்துபோகும். அதனால் காதை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுகிறார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு மனிதர் பலாமரத்திடம் விலை பேசுவதாகத் தோன்றும்.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் அவருடைய தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, சரிவில் மரவள்ளி, நடுவில் இந்தப் பலா. வீடு பாறைக் கரட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கத்தினால் இங்கே கேட்காது. வியாபாரியின் அழைப்பு, மகளிர் குழுவின் அழைப்பு எல்லாம் பொன்னம்மாளுக்குத்தான் வரும். அந்த அம்மா தோட்டத்தில் இருக்கும்போது போன், சிக்னல் கிடைக்கும் வீட்டு ஜன்னலில் கிடந்து கத்தும்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் கவிதா இதற்கு ஒரு வழி செய்தாள். பழைய போன் ஒன்றை ஜன்னலில் வைத்தாள். இன்னொன்றைச் சின்ன சோலார் தகட்டோடு பலாமரத்தில் கட்டினாள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றை அம்மாவின் வெற்றிலைச் சுருக்குப்பையில் போட்டாள். சுருக்குப்பை பலாமரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அழைப்பு மரத்துக்குப் போகும்; இல்லாவிட்டால் வீட்டுக்கு. கூப்பிடுகிறவருக்கு முதலில் ஓர் இயந்திரக் குரல் கேட்கும்: "பொன்னம்மாள் தோட்டத்தில் இருக்கிறார். சற்றுக் காத்திருக்கவும்." வீட்டில் இருந்தால், வீட்டில் இருக்கிறார் என்று சொல்லும்.

போன மிளகுப் பறிப்புக்கு முன்பு பொன்னம்மாள் காய்ச்சலில் இறந்துபோனார். சொந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். புழங்கிய பொருள் ஒன்றைத் தலைமாட்டில் வைத்து, மேலே கல் மூடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். சுருக்குப்பையை வைத்தார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அன்று யாருக்கும் நினைவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சேந்தமங்கலம் மிளகு வியாபாரி சென்னியப்பன் துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டார். அந்த எண்ணைத் தவிர வேறு எண் அவரிடம் இல்லை. குரலைக் கேட்டுப் போனைக் கீழே போட்டவர், ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி தொட்டாராம். இப்போது பழகிவிட்டது. காளியண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்த நான் மரத்துப் பக்கத்தில் நின்றபோதே சென்னியப்பன் கூப்பிட்டார்.

"ஏனுங்க காளியண்ணே, அம்மா தோட்டத்துல இருக்காங்கன்னு சொல்லுதுங்க. நான் இப்ப யாருகிட்ட விலை பேசறது?"

"அவகிட்டயே பேசுங்க. அதுக்குத்தானே உங்களுக்குப் பயம்!"

மரத்துக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

சொந்தமாகப் போன் வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டேன். "எனக்கெதுக்குங்க தனியா? அவளுக்கு வர்ற போனுதான் எனக்கும்" என்றார்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் குறுக்குவழி பின்கதவுதான். காளியண்ணன் அதில் போவதில்லை. முன்வாசலில் இறங்கி, கரட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார். "அந்த வழியாத்தான் அவளைக் கொண்டுபோனோம்" என்றார். அன்று போட்ட தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது.

சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த ஒரு பேட்டரி வைத்திருக்கிறார், வட்டமாக, காசு போல. கவிதா அனுப்பியது. சுருக்குப்பையில் இருப்பது எந்த நேரத்திலும் தீர்ந்துவிடும், கல்லைப் புரட்டி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் இவர் சம்மதிக்கவில்லை.

"வச்சதை எடுக்கக் கூடாதுங்க. நிறுத்தவும் மனசு வரல." காகிதத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். "இப்ப யாரு கேட்டாலும் தோட்டத்துல இருக்கான்னு சொல்லுது. நானும் சரின்னு வேலையைப் பார்க்கறேன். அது நின்னுபோச்சுன்னா இங்கயும் இல்லைன்னு ஆயிருமுங்க. அப்புறம் நான் அவளை எங்கன்னு போய்த் தேடறது?"

அதனால் ஏணியில் இருக்கும்போதெல்லாம் ஒரு காது பலாமரத்தின் மீதே இருக்கிறது. நெடுநேரம் மணி அடிக்காவிட்டால் பறிப்பதை விட்டுவிட்டு மரத்தையே பார்க்கிறார்.

நான் கிளம்ப வேண்டிய நாள் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஏணி வழுக்கும் என்று காளியண்ணன் வீட்டிலேயே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரை என் கையில் தரும்போது ஜன்னலில் மணி அடித்தது.

பொன்னம்மாள் இறந்ததிலிருந்து அந்தப் போன் அடித்ததில்லை. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துடைக்க ஒன்றுமில்லாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் எடுத்தார். ஸ்பீக்கரில் கவிதாவின் குரல் வந்தது.

"அப்பா? தோட்டத்துல இல்லையாப்பா?"

"ஊட்லதான் கண்ணு."

"அம்மா வீட்டில் இருக்கிறார்னு சொல்லுதுப்பா."

காளியண்ணன் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"பேட்டரிதாம்ப்பா. நான் சொன்னேனில்ல? வேற ஒண்ணுமில்ல. பேட்டரி தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்." அவளுக்கே அவள் சொல்லிக்கொள்வது போல இருந்தது. "அப்பா, கேக்குதா?"

"கேக்குது கண்ணு."

போனை அணைக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தார். "அப்பா, அப்பா" என்று கவிதா கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். அவர் பின்கட்டுக்குப் போனார். துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் வரவில்லை; உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி இழுத்தார். கதவு திறந்ததும் பனி தரையோடு தரையாக உள்ளே வந்தது. காளியண்ணன் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நிலைப்படியில் கிடந்த மிளகு மூட்டையைக் காலால் தள்ளி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழிவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.