சரிக்குச் சரி

இரண்டைச் சமமாக வைத்துப் பார்ப்பதற்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ஒப்பிடலாம், நிகராக்கலாம், இணை வைக்கலாம், ஈடு கட்டலாம், சமப்படுத்தலாம். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான் என்று எழுதி மார்க் வாங்கியவள் நான். எழுபதுகளில் கல்யாணமாகி, மலையாளச் சீமையின் எல்லையில் இருக்கும் வடகரப்பதிக்கு வந்த பிறகுதான் எந்தச் சொல்லை யார் எப்போது எடுப்பார்கள் என்பது புரிந்தது. ஒப்பிடுகிறவர்கள் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஈடு கட்டுகிறவன் எதையோ இழந்தவன். இணை பார்ப்பது காளைக்கும் மாப்பிள்ளைக்கும். சமப்படுத்துவது உழுத காட்டை, அதுவும் விதைப்புக்கு முன்னால். வில்லேஜ் ஆபீஸ் காகிதத்தில் மலையாளத்தில் 'துல்யம்' என்று இருக்கும். அதை யாரும் வீடு வரைக்கும் கொண்டு வருவதில்லை. எங்கள் வீட்டில் புழங்கியதெல்லாம் 'சரிக்குச் சரி' என்பதுதான்.

காரணம், எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். எனக்கு அவர், என் அண்ணனுக்கு அவருடைய தங்கை. அதனால் நான் அவளுக்கு அண்ணி, அவளும் எனக்கு அண்ணி. இந்த வீட்டில் எனக்கு நடப்பதெல்லாம் அந்த வீட்டில் அவளுக்கும் நடக்க வேண்டும். தீபாவளிக்கு அவளுக்கு என்ன சேலையோ, எனக்கும் அதே கடையில் அதே சேலை, நிறம் மட்டும் வேறு. அம்மா ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினால் அதே டின் அதிரசத்தோடு திரும்பிப் போகும். அவள் ஆடிக்கு வந்து எத்தனை நாள் தங்கினாளோ, நானும் அத்தனை நாள்தான் அங்கே. இது நல்லதற்கு மட்டும் உள்ள கணக்கு என்று நினைத்தேன். என்னைப் போல அப்பாவி உண்டா?

கோபம் எங்கள் வீட்டுக் குலச்சொத்து. எனக்கும் பங்கு உண்டென்றாலும், அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது. குழம்பில் தொடங்கிய ஒரு சண்டை குலம் கோத்திரம் வரைக்கும் போனது. அண்ணன் அண்ணியைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டான். மத்தியானம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் பெட்டி வந்துவிட்டால் என் பெட்டி போக வேண்டும்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் இவருடைய சித்தப்பா வந்துவிட்டார். மாமனார் இல்லாத வீடு, ஆகவே நியாயம் பேசும் உரிமை தமக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தவர். அவங்க ஒருத்தியை அனுப்பினால் நாமும் ஒருத்தியை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். என் கணவர் எழுந்து போய் அட்டாலியிலிருந்து என் தகரப் பெட்டியை இறக்கினார். தனக்கு மனசே இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவார். மனசில்லாத கை எப்படிப் பெட்டியை இறக்கியது என்று நானும் இன்றைக்கும் கேட்பேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அப்படிப் போனவர்கள் திரும்பி வராமலே போன கதைகள் எங்கள் பக்கம் உண்டு. இரண்டு வீட்டிலும் யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும். முதலில் இறங்குவது யார் என்பதிலேயே வருஷங்கள் ஓடிவிடும்.

மாமியார் வாசலை ஒட்டிய களத்தில் உட்கார்ந்து விதைக்கடலைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கை நிற்கவில்லை. கடைசியில் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, அந்தூட்ல அடுப்பு அவிஞ்சு போச்சுன்னு நம்மூட்ல எரியற அடுப்புல தண்ணி ஊத்தச் சொல்றீங்களா?"

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமியார் மகனைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். என் சேலைகளை எடுத்து என் மடியில் வைத்தார். பிறகு பொறுக்கிய கடலைக்காயை முறம் முறமாக அள்ளி அதில் கொட்டி, மூடி, கொண்டியை மாட்டினார். தகரப் பெட்டிக்குள் எலி போகாது, அடுத்த விதைப்பு வரைக்கும் இதை யாரும் திறக்கக் கூடாது என்றார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எத்தனையோ பேர் எவ்வளவோ பேசி நான் கேட்டிருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒரு வழக்கத்தை மூடி வைத்தவரை நான் பார்த்ததில்லை.

அங்கே என் அம்மா நான் வருவேன் என்று அறையைக் கூட்டிப் பாயை வெயிலில் காயப்போட்டாளாம். அண்ணன் பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். நான் போயிருந்தால் அவன் கோபத்துக்கு ஒரு கௌரவம் கிடைத்திருக்கும். போகாததால் அவன் செய்தது மட்டும் தனியாக நின்றது. அந்த வாரம் கழிவதற்குள் வந்து சேர்ந்தான். என்னை ஏன் அனுப்பவில்லை என்று மாமியாரிடம் கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. அவர் சோறு போட்டார். பிறகு, "வர்றதும் வராததும் அவ இஷ்டமுங்க மாப்ள, அவளையே கேளுங்க" என்றார். அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அன்று முழுக்க அவனை வாசலிலும் களத்திலும் காத்திருக்க வைத்தாள். என் சொந்த அண்ணன்தான், இருந்தாலும் எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் அவர்கள் கிளம்பும்போது மாமியார் உள்ளே போய்ப் புதுச்சேலை ஒன்றை எடுத்து வந்து மகளுக்குக் கொடுத்தார். ஒன்றே ஒன்று. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் சேலை ஜோடியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. அவர்கள் தலை மறைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுக் கோபம் சும்மா இருக்குமா? எனக்கு ஏன் இல்லை என்று கேட்டே விட்டேன்.

மாமியார் மறுபடியும் முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"நீ எங்க அம்மிணி போற? போறவளுக்குத்தான் சீலை குடுத்து உடோணும். நீ ஊட்ல இருக்கறவ."

அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து நானும் பொறுக்க ஆரம்பித்தேன்.