பதினைந்து கிரெடிட்

கிளறிற்றாவைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எழுதினால் அவளைப் புனிதையாக்கிப் பீடத்தில் ஏற்றிவிட்டு என்னைக் கதையிலிருந்து கழற்றிவிடுவார்கள். நான் எழுதினால் இரண்டு பேரும் வருவோம். எழுத இருக்கும்போதே என்னை நினைத்து எனக்கு அருவருப்பு வருகிறது. வரட்டும்.

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தமிழ்ப் பூசைக்குப் போகிற எல்லோருக்கும் அவளைத் தெரியும். மன்னார், பேசாலைக்காரி. வயது நாற்பத்தாறு. பக்கத்து ஊரான சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக, இருப்பவர்களைப் பராமரிக்கிற கெயரர் வேலை. கணவர் யேசுரட்ணத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பிள்ளைகள் இல்லை. கோயிலில் இடது பக்கம் நாலாவது வாங்கில் ஒன்பது வருடமாக அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். பெயர் பியற்றிஸ். ஊர் பாசையூர். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

படிக்கிற வயதில் அவளைப் படிக்க விடவில்லை. பன்னிரண்டு வயதில் போரால் இடம்பெயர்ந்து மடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவள். பிறகு விஞ்ஞானத்துக்கு ரீச்சரே இல்லாத பள்ளிக்கூடம் ஒன்றில் சோதனை எழுதினால் விஞ்ஞானத்தில் என்ன வரும்? அவளுக்கு பயோலொஜி என்ற சொல்லைக் கேட்டாலே கை வேர்க்கும். ஆனால் ஒரு மனிதரின் நிறம் மாறினால், மூச்சு மாறினால், அவளுக்கு உடனே தெரிந்துவிடும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை, அந்த இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியால் தேநீர்க் கோப்பையை இடக்கையால் பிடிக்க ஏலவில்லை. கடைவாயும் கொஞ்சம் இழுத்திருந்தது. கிளறிற்றா ஓடிப்போய் டியூட்டி நேர்சிடம் சொன்னாள். "காலையில் அவ அப்படித்தான், நீ போய்ப் படுக்கைகளை விரி" என்று நேர்ஸ் சொல்லிவிட்டாள். இரண்டாம் தரம் போய்ச் சொன்னதற்குப் பேச்சும் விழுந்தது. மத்தியானம் அம்புலன்ஸ் வந்து கிழவியைக் கொண்டுபோனது. கிழவி திரும்பி வரவில்லை. அறிக்கையில், பதினொன்றே முக்காலுக்கு டியூட்டி நேர்ஸ் மாற்றத்தைக் கவனித்தார் என்று எழுதியிருந்ததாம். தூ!

"கெயரர் கண்டால் அது கண்டதில்லையாம் அக்கா. நேர்ஸ் கண்டால்தான் கண்டதாம். அப்ப நான் நேர்சாகிறன்" என்றாள் அடுத்த ஞாயிறு. கோபத்தில் சொல்கிறாள், இரண்டு கிழமையில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. மூன்று வருடம் இரவுப் பள்ளிக்கூடம் போனாள். இங்கிலிஷ் முதல் தரமே பாஸ். கணக்கு இரண்டு தரம் எழுதி மூன்றாம் தரம் பாஸ். அதன் பிறகு, பெரியவர்களை யூனிவர்சிற்றிக்குத் தயார் செய்கிற அக்ஸஸ் கோர்ஸ். ஒரு வருடம், அறுபது கிரெடிட். அதற்கு அரசாங்கக் கடன் ஒருமுறைதான் கிடைக்கும். பிழைவிட்டால் அவ்வளவுதான். போகக்கூடிய யூனிவர்சிற்றியும் ஒன்றே ஒன்றுதான்: ஒரு டிராமும் ஒரு பஸ்ஸும் பிடித்துப் போய், யேசுரட்ணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர நேரத்துக்குத் திரும்பக்கூடியது அது மட்டும்தான்.

இவ்வளவையும் அவள் ஊருக்கே சொன்னாள். அதுதான் எங்களுக்குப் பிடிக்காதது.

எங்கள் ஆட்களின் புத்தியை நான் சொல்லவா? பிள்ளைத்தாச்சி என்றால் வயிறு தெரியும்வரை மூச்சு விடமாட்டோம். வீடு வாங்கினால் திறப்பு கைக்கு வரும்வரை சொல்லமாட்டோம். நாவூறு பட்டுவிடுமாம். சட்டன் பக்கத்துக் கிரமர் பள்ளிக்கூடங்களின் நுழைவுச் சோதனைக்கு எங்கள் பிள்ளைகள் இரண்டு வருடம் ரியூசன் போகும். கேட்டால் "சீ, நாங்கள் போடேல்லை, அவனுக்கு உதெல்லாம் ஏலாது" என்போம். சோதனையன்று காலை அதே வாசலில், அதே வரிசையில், பூசையில் சந்திக்கிற அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் காணாத மாதிரிக் குடையைப் பதித்துக்கொண்டு நிற்போம். மழைகூட இருக்காது. நானும் மெலனியோடு அப்படி நின்றவள்தான்.

மெலனி என் மகள். ஏ லெவலில் கவிழ்ந்துவிட்டாள். இரண்டு பாடத்தில் யூ, அதாவது பெயில்; மற்றதில் ஈ, தட்டுத்தடுமாறிப் பாஸ். அந்தக் கிழமை நான் பூசைக்கே போகவில்லை. பிறகு போய், "ஒரு வருசம் ஓய்வெடுக்கப் போறாளாம், இந்தக் காலத்துப் பிள்ளையள் தெரியும்தானே" என்று பல்லைக் காட்டினேன். அவளும் அக்ஸஸ் கோர்ஸில்தான் வந்து நின்றாள். அதுவும் நேர்சிங்குக்கு. மிச்சத்தில் படித்தால் யாராவது காண்பார்கள் என்று கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் என் தங்கை வீட்டில் விட்டு, அந்தப் பக்கத்துக் கொலிஜில் சேர்த்தேன். லண்டனுக்கு அந்தப் பக்கம் பிள்ளையை ஒளித்துவைத்த தாய் நான். போகவிருந்த யூனிவர்சிற்றியும் கிளறிற்றா நினைத்திருந்த அதே யூனிவர்சிற்றி.

அதன் நிபந்தனைகளை மெலனி அச்சடித்து எடுத்திருந்தாள். இணையத்தளத்தின் முதல் பக்கத்தில் அறுபது கிரெடிட் என்று மட்டும்தான் போட்டிருக்கும். இன்னொரு பக்கத்தை அமத்தித் திறந்தால்தான் தெரியும்: அதில் பதினைந்து கிரெடிட் கட்டாயம் பயோலொஜியில் இருக்க வேண்டும். நான் அந்தத் தாளைக் குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். மிளகாய்த்தூள் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

போன ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஹோலில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். கிளறிற்றா தன் பையிலிருந்து ஒரு பெரிய தாளை விரித்தாள். வருடம் முழுக்க எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்த நாள் யேசுரட்ணத்துக்கு ஆஸ்பத்திரி, எந்த நாள் ஷிப்ட் எல்லாம் கட்டம் போட்டு, மூன்று நிறப் பேனையால் எழுதியிருந்தாள். ஒரு இடத்தில் மட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கிடையிலை தெரிவு குடுக்கவேணும். ஒண்டில் பயோலொஜி, இல்லாட்டி சைக்கோலொஜியும் சோஷியோலொஜியும். கொலிஜ் அட்வைசர் சொல்லுறா, கனக்க யூனிவர்சிற்றியள் எதையும் எடுப்பினமாம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ, பயோலொஜி கட்டாயமோ?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மிளகாய்த்தூள் அலுமாரி கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடவே ஒரு கணக்கும் வந்தது: அந்த யூனிவர்சிற்றியில் இடங்கள் குறைவு, ஒரு ஆள் குறைந்தால் மெலனிக்கு நல்லது. அதோடு, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் மெலனியின் கதை வெளியே வந்துவிடும்.

"எனக்கு உதுகள் என்னண்டு தெரியும், கிளறிற்றா? கஷ்டமெண்டால் விடும். ஏன் தலையை உடைக்கிறீர்" என்றேன்.

"ஓம் அக்கா" என்று தாளை மடித்தாள். நான் வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சி சமைத்துச் சாப்பிட்டேன். ருசித்துத்தான் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கேவலம் இதோடு முடிந்ததா? இல்லை. விண்ணப்பத்துக்கு மெலனி எங்கேயாவது நோயாளிகளோடு வேலை செய்திருக்க வேண்டும் என்றாள். மூன்றாம் கிழமை அதே வாங்கில், அதே கிளறிற்றாவிடம் கேட்டேன்: "மெலனி வீட்டிலை சும்மாதான் நிக்கிறாள். உங்கடை இடத்திலை சனிக்கிழமையிலை வந்து ஏதும் உதவி செய்யலாமோ? புண்ணியமாப் போகும்." புண்ணியமாம்! என் வாயிலிருந்து அந்தச் சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கிளறிற்றா மனேஜரிடம் மன்றாடி இடம் எடுத்துக் கொடுத்தாள். தன் ஷிப்டை மாற்றி மெலனியோடு நின்றாள். படுத்திருப்பவரைத் தோள் நோகாமல் எப்படித் திருப்புவது, சாப்பிட மறுக்கிறவரோடு எப்படிக் கதைப்பது, கழிவை அள்ளும்போது முகத்தை எப்படி வைத்திருப்பது, எல்லாம் காட்டிக் கொடுத்தாள். இன்ரவியூவில் மெலனி சொன்னவை முழுக்க அவளிடம் கற்றவைதான். பெப்ரவரியில் மெலனிக்கு இடம் கிடைத்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை.

மார்ச்சில் கிளறிற்றாவுக்கு யூனிவர்சிற்றியிலிருந்து கடிதம் வந்தது. போனில் திறந்து என்னிடம் நீட்டினாள். "அக்கா, நான் வாசிச்சது பிழையோ தெரியாது, ஒருக்காப் பாருங்கோ." பிழையில்லை. பயோலொஜியில் பதினைந்து கிரெடிட் இல்லாதபடியால் விண்ணப்பத்தை ஏற்க முடியாது. நாலு வரிதான்.

"வாரும், கொலிஜுக்குப் போய்க் கேப்பம்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு என்ன விசரோ தெரியாது. அந்த அட்வைசர் சுழல்கதிரையில் இருந்து சிரித்தாள். நகத்துக்குக் கத்தரிப்பூ நிறம். "பெரும்பாலான யூனிவர்சிற்றிகள் என்றுதானே சொன்னேன், எல்லாம் என்று சொல்லவில்லையே. நவம்பரில் பாடங்களைப் பதிந்தாயிற்று, இனி மாற்ற ஏலாது. வேறு எதுவும் உதவி வேண்டுமா?" ஒரு மனிசியின் வாழ்க்கையை வழித்து ஊற்றிவிட்டு வேறு எதுவும் உதவி வேண்டுமா என்று கேட்கிறாள், கோதாரி!

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் கொட்டினேன். "உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தாய். உன்னை நம்பி வந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? நீ எல்லாம் ஒரு பெண்ணா?"

கத்திக்கொண்டிருக்கும்போதே என் சொல் என் காதிலேயே விழுந்தது. அந்த அட்வைசர் பெட்டைக்கு உண்மையில் தெரியாமலும் இருந்திருக்கலாம். தெரிந்திருந்தவள் அந்த அறையில் ஒருத்திதான். அட்வைசர் செக்யூரிட்டியைக் கூப்பிடுவதற்கு முதல் கிளறிற்றா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். டிராம் தரிப்பிடத்தில் என்னை இருத்தி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள். "எனக்காக இவ்வளவு கத்தினியளே அக்கா" என்று சொல்லி என் முதுகைத் தடவினாள். என்னால் அதற்கு மேல் தாங்க ஏலவில்லை.

"கிளறிற்றா, என்னைத் தொடாதேயும். எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"பயோலொஜி கட்டாயமெண்டு. நீர் கேக்கேக்கையே தெரியும். மெலனியும் உந்தக் கோர்ஸ்தான் படிக்கிறாள், பிளேஸ்டோவிலை. அதே யூனிவர்சிற்றியிலை அவளுக்கு இடமும் கிடைச்சிட்டுது."

முதுகில் இருந்த கை விலகியது. அவள் தண்ணீர்ப் போத்தலை வாங்கி மூடிப் பைக்குள் வைத்தாள்.

"மெலனி படிக்கிறது எனக்குச் செப்ரெம்பரிலேயே தெரியும் அக்கா" என்றாள். "என்ரை மச்சாளின்ரை மகள் அந்தக் கொலிஜிலை பிஸ்னஸ் படிக்கிறாள். அவள் மெலனியைக் கண்டவள். நீங்கள் மறைக்கிறியள் எண்டால் ஏதோ மனக்கஷ்டம் எண்டு நான் ஒருத்தரிட்டையும் மூச்சு விடேல்லை. நேர்சிங்குக்குத்தான் எங்கடை இடத்துக்கு வாறாள் எண்டும் தெரியும். லீவிலை ஆர் சும்மா வந்து பெட்பான் கழுவுவினம்?"

"அப்ப ஏன் அண்டைக்கு என்னட்டைக் கேட்டனீர்?"

"உங்களுக்குத் தெரியும் எண்டபடியால்தானே கேட்டனான். மெலனியின்ரை கதையைச் சொல்லாட்டிலும், பயோலொஜி தேவையெண்டால் தேவையெண்டு மட்டும் சொல்லுவியள் எண்டு நினைச்சன். நீங்கள் கஷ்டமெண்டால் விடும் எண்டு சொன்னியள். அப்ப தேவையில்லைப் போலை, அதைத்தான் அக்கா இப்பிடிச் சொல்லுறா எண்டு போய் மற்றதை எடுத்தன். அந்த அட்வைசரை நான் நம்பேல்லை, அக்கா. உங்களைத்தான் நம்பினனான்."

டிராம் வந்தது. அவள் எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். நானும் அதே டிராமில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஏற எனக்கு முகம் இருக்கவில்லை.