சிலுவை போட்டுத் தந்த சிப்பி

மணப்பாட்டில் கோடை விடுமுறைக்கு ஒரு முகாம் நடந்தது. அந்தக் காலத்தில் முத்துக்குளித்த விதத்தைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். அங்கே சிப்பி கொடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. வெயிலில் கறுத்த முதுகு, இடுப்பில் கயிறு, கழுத்தில் ஜெபமாலை. ஒவ்வொரு சிப்பியின் மேலும் சிலுவை அடையாளம் போட்ட பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் நான் அவரை நம்பினேன்.

என் மகளின் சிப்பியில் முத்து இருந்தது. கடலில் கிடைக்கும் முதல் பாடு, மீனோ முத்தோ எதுவானாலும், மாதாவுக்கு என்பது எங்கள் வழக்கம். கப்பலுக்குப் போயிருக்கும் அப்பா சுகமாக வரவேண்டும் என்று வேண்டி, அதைக் கோவிலில் மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்தாள்.

மறுநாள் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். முகாம் கொட்டகைக்குப் பின்னால் அந்தச் சிப்பிக்காரர் காலிச் சிப்பிக்குள் பிளாஸ்டிக் மணியை வைத்து, பசை தடவி மூடிக்கொண்டிருந்தார்.

"சிலுவையைப் போட்டா பிள்ளையள ஏமாத்துதிய, அண்ணாச்சி?"

"மணிக்கா போட்டேன்? சிப்பியத் தொறக்கையில கத்தி பிள்ளை கையில பட்டுறக்கூடாதுன்னுல்லா போட்டேன்."

"அவ அப்பாவுக்காக அதை மாதாவுக்குக் குடுத்துட்டாளே!"

அவர் கையிலிருந்த சிப்பியை மூடவில்லை.

"கப்பல் என்னைக்குக் கரைக்கு வருது, தாயி?" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டார்.

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கோவிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த மணியை எடுத்துவிடக் கை நீட்டுகிறேன். அவள் அப்பா இன்னும் கடலில் இருக்கிறாரே என்று கையை இழுத்துக்கொள்கிறேன்.