வார்னிஷ் அடித்த கிற்றார்

அத்தான் செத்துப்போனபோது அக்காவுக்கு விட்டுப்போனவை துணுக்காயில் கொஞ்ச வயல், பூச்சு வேலை முடியாத ஒரு வீடு, ஒரு கிற்றார். அத்தான் மலையகத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டியவர். துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கிற்றாரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். குடும்பம் வன்னிக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. பிறகு போரில் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அக்காவின் தையல் மெசின் வீட்டிலேயே நின்றுவிட்டது. கிற்றார் மட்டும் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேல் சொகுசாகப் போனது. அதற்காக அக்கா அத்தானோடு பிடித்த சண்டை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

நான் வவுனியாவில் ஒரு இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறவன். கிற்றாரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு. ஒரு நாள் அக்கா வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கிற்றாரின் வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே, அதைச் செய்தவரின் பெயர் அச்சிட்ட துண்டு கிழியாமல் ஒட்டியிருந்தது. படம் எடுத்து, கொழும்பில் பழைய கிற்றார்கள் சேர்க்கும் ஒருவருக்கு அனுப்பினேன். அன்று பின்னேரமே அவர் அழைத்தார். அப்படிப்பட்டவை மிகக் கொஞ்சந்தான் செய்யப்பட்டனவாம். முதுகுப் பலகை பிரேசில் காட்டு மரமாம், இப்போது அதை வெட்டவே விடமாட்டார்களாம். நல்ல விலைக்குத் தானே வாங்குவாராம்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. இரவும் பகலும் இணையத்தில் படித்தேன், படித்ததையெல்லாம் அக்காவுக்குத் தொலைபேசியில் ஒப்புவித்தேன். தந்திகளின் முறுக்காணிகள் பழையவையாகவே இருக்க வேண்டும். கீறல் இருக்கலாம், வெடிப்பு இருக்கலாம், ஊத்தை எவ்வளவும் இருக்கலாம். செய்தவன் பூசிய முதல் பூச்சு மட்டும் போகக் கூடாது. அதைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால் விலை படுத்துவிடும்.

"அவர் வாசிச்சதை விக்கிறதே?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். கனடாவிலிருக்கும் மகன், "வித்துப்போட்டு வீட்டை முடியுங்கோ அம்மா" என்றான். நானும் அதையே சொன்னேன். ஆரும் வாசிக்காத கிற்றார் அலுமாரிக்கு மேல் கிடந்து என்ன செய்யும்? அதற்குப் பிறகு அக்கா "ம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கொழும்புக்காரர் வந்த அன்று நானும் அவரோடு துணுக்காய்க்குப் போனேன். அக்கா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள். எங்களைக் கதிரையில் இருத்திவிட்டுக் கிற்றாரைக் கொண்டுவந்து வைத்தாள். அது கலியாணத்துக்கு வாங்கிய புதுக் கட்டில் மாதிரிப் பளபளத்தது. வார்னிஷ் மணம் இன்னும் போகவில்லை.

"ஆரம்மா இதைச் செய்தது?" என்று வந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் தம்பி. ஒரு பொருளைப் பிறத்தியாருக்குக் குடுக்கேக்க ஊத்தையோட குடுக்கிறதே?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். இரவல் சட்டியைக்கூடப் புளி போட்டு விளக்கித்தான் திருப்பிக் கொடுப்போம். அந்த மனிதரால் கோபிக்கவும் முடியவில்லை. வந்ததற்கு ஒரு சின்ன விலை சொன்னார். அக்கா வேண்டாமென்றாள். அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய வான் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்ததும் நான் வெடித்தேன். "என்ன வேலையக்கா பாத்தனி? எத்தினை தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்! உனக்கு ஒண்டுமே மண்டையில ஏறேல்லையே?"

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "எல்லாம் ஏறினதடா. என்ன செய்தா விலை போகாது எண்டு நீதானே வடிவாச் சொல்லித் தந்தனி" என்றாள்.



"விக்கேல்ல எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்தானே. ஆர் கேட்டனீங்கள்?"

வெட்கத்தில் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் கிற்றாரை எடுத்து மடியில் வைத்தேன். முழுக்கச் சுரண்டியிருந்தாள், நல்ல வேலை. மேல் விளிம்பில், வாசிக்கிறவரின் வலது முழங்கை படுகிற இடத்தில் மட்டும் உள்ளங்கையளவு பழைய பூச்சு அப்படியே இருந்தது. தேய்ந்து, கறுத்து, வியர்வை ஊறிப்போன இடம். அதைச் சுற்றித் தூரிகை அவ்வளவு கவனமாகப் போயிருந்தது.

"இதையேன் விட்டனி?"

அக்கா கோப்பைகளோடு குசினி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அதில அவரின்ர கையெல்லே இருக்கு," என்றாள்.