கடுகு ஏற்றிய மாங்காய் லாரி

பொம்மைக் காரை வாங்கி, அட்டையைக்கூடப் பிரிக்காமல் சுவரில் மாட்டிவைப்பவனை நான் மனிதர்களில் சேர்ப்பதில்லை. திருப்பதியில் பொம்மைக் கார் சேர்க்கும் எங்கள் குழுவில் இருபது பேர். என்னைத் தவிர அத்தனை பேரும் அந்த ரகம். கட்டைவிரல் நீளத்துக் காரை ஆணியில் தொங்கவிட்டுத் தூசு தட்டியே வயதாகிக்கொண்டிருந்தார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து அலிபிரியில் ஒரு மரத்தடியில் கூடுவோம். அங்கே நிஜக் கார்களுக்குப் பூஜை போடுவதைப் பார்த்துப் பார்த்து இவர்கள் புத்தியும் அப்படியே போய்விட்டது. புதிதாக வாங்கிய பொம்மைக் காரை அட்டையோடு வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பிறகு எலுமிச்சம்பழத்தின் மேல் பட்டும் படாமல் ஒரு தொடு. சக்கரம் ஏறிப் பழம் நசுங்கத்தான் வேண்டும். ஆனால் அட்டை கசங்கிவிடுமே. சாமி பயத்தைவிட அந்தப் பயம்தான் பெரிது. லாட்ஜ் நடத்தும் எங்கள் தலைவர் கண்ணை மூடிக் கும்பிடும்போது சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடு.

நான் சித்தூர்க்காரன். வாங்கிய அன்றே அடியிலுள்ள ரிவெட்டைத் துளைபோட்டுக் காரைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி வேறு வண்டியாக்கிவிடுவேன். தலைவருக்கு அது பிடிக்காது.

"நல்ல வண்டிய ஒடச்சிக்கினு கீற. நெஜ வண்டி மாதிரி ஒண்ணு செஞ்சி போட்டோ புடிச்சிக் காட்டு, அப்பறம் பேசு" என்றார் ஒருநாள்.

அந்த வாயால் ஒரே ஒரு தடவை 'சூப்பர்' என்று கேட்டுவிட வேண்டும் என்று வெறி பிடித்தது. போயும் போயும் அவர் வாயால்.

நாலு மாதம் உட்கார்ந்தேன். மாங்காய் சீசனில் மாங்கூழ் பேக்டரி வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரி ஒன்றை அப்படியே செய்தேன். மாங்காய்க்குக் கடுகு. பச்சைச் சாயம் ஏற்றி, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக ஒட்டினேன். டீ வடிகட்டியில் செங்கல் தூளைச் சலித்து டயர்களில் பூசினேன். எங்கள் ஊர்ப் பக்கம் குடிபாலா சாலையில் ஒரு சிறுபாலத்தின் மேல் லாரியை வைத்து, தூரத்து மாந்தோப்பு பின்னால் தெரியும்படி போட்டோ எடுத்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்தால்தான் லென்ஸ் தரையோடு தரையாக வரும். குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் போட்ட பத்தாவது நிமிடம் தலைவரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏம்பா, நெஜ லாரிய புடிச்சிப் போட்டுட்டு பொம்மைன்றியா? யாருக்கு காது குத்துற?" அதற்கு மற்றவர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கண்ணிருந்தும் பார்க்கத் தெரியாத கூட்டம்.

அடுத்த கூட்டத்துக்கு லாரியை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து எடுத்துப்போய் அலிபிரியில் கல் பெஞ்சின் மேல் வைத்தேன். எல்லோரும் குனிந்தார்கள். தலைவர் ஒரு மாங்காயை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"கடுகுப்பா இது" என்றார். பெஞ்சைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சூப்பர்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

"புது வண்டி. பூஜ போட்டுடலாம்" என்றார் அவரே. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதுதானே சூப்பர் சொன்னார். கற்பூரம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. "இதுக்குத்தான் அட்ட இல்லியே" என்றபடி, இத்தனை வருடம் யார் அட்டையிலும் காட்டாத பக்தியை எல்லாம் கட்டைவிரலில் சேர்த்து லாரியைப் பழத்தின் மேல் அழுத்தினார். பழம் நசுங்கவில்லை. லாரியின் முன் அச்சு முறிந்தது. கடுகு பெஞ்சு முழுக்கச் சிதறியது.

"வுடு, ஒட்டிக்கினா போச்சு. நீதான் கெட்டிக்காரனாச்சே."

"ஆமா சார்" என்றேன்.

அந்த நேரத்தில் யாரோ எடுத்த படம்தான் இன்றைக்கும் குழுவின் முகப்பில் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தின் முன் லாரி மண்டியிட்டிருக்கிறது. தலைவர் கண்ணை மூடியிருக்கிறார். பின்னால் நான், கைகூப்பிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. அச்சு முறிந்தும் லாரி நிஜ லாரி மாதிரியே இருக்கிறது. பொம்மை மாதிரி இருப்பது நான்தான்.